ஜிங்க் தண்ணி

அவர் பேரை நான் எழுதப் போறதில்ல. மறந்து போச்சுன்னு நினைச்சுடாதீங்க. கிளினிக் சீட்டுல என் கையால எத்தனையோ தடவை எழுதின பேர் அது. இங்க எழுதற யோக்யதை எனக்கில்ல, அவ்வளவுதான்.

எண்பதுகளோட கடைசி. திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துல ஒரு பல் டாக்டரம்மா கிளினிக் வெச்சிருந்தாங்க. புதன், சனி ரெண்டு நாள்தான் டவுன்லேர்ந்து வருவாங்க. மத்த நாள்ல கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு, சீட்டு எழுதிக்கிட்டு, மருந்து கலக்கிக் குடுத்துக்கிட்டு உக்காந்திருந்த கம்பவுண்டர் நான். அவர் பட்டாபிராம்காரர். அம்பத்தூர் எஸ்டேட்ல போல்ட்டு, நட்டுக்கு ஜிங்க் முலாம் போடற ஒரு சின்ன கம்பெனியில வேலை. முப்பது வயசு இருக்கும். என்னைவிட அஞ்சாறு வயசு சின்னவர்.

அவர்கிட்ட ஒரு குணம் உண்டு. அவர் நம்பற ஆள் ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், அதைக் கெட்டியாப் பிடிச்சுக்குவார். ஏன், எதுக்குன்னு கேள்வியே கிடையாது. நல்ல குணம்தானே, இதுல என்ன வந்துச்சுன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

ஒரு கல்யாணத்துல நடந்ததைச் சொல்றேன். பட்டாபிராம்ல, எனக்கும் தெரிஞ்ச வீடு, அவருக்கும் தெரிஞ்ச வீடு. பன்னெண்டு அடிச்சு பத்து நிமிஷத்துல முதல் பந்தி போட்டுட்டாங்க. அவர் இலைக்கும் என் இலைக்கும் நடுவுல மூணு பேர். சோறு விழுந்தாச்சு, சாம்பார் விழுந்தாச்சு, அப்பளம் வந்தாச்சு. எல்லாரும் வெளுத்துக் கட்டறாங்க. இந்த மனுஷன் மட்டும் ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கிட்டு மண்டபத்துக் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார்.

கல்யாண வீட்டுல ஒருத்தன் இலையில கை வைக்காம உக்காந்தா என்ன அர்த்தம்? மரியாதையில ஏதோ குறை, மனஸ்தாபம். பரிமாறறவன் முதல்ல பதறினான்.

“இன்னா நைனா, கோவமா? யார்னா எதுனா சொல்ட்டாங்களா?”

அவர் இல்லன்னு தலையாட்டறார். கை மட்டும் இலைக்கு வரல. அதுக்குள்ள பொண்ணோட அப்பாவுக்குச் சேதி போயிடுச்சு. பாவம் அந்தப் பெரியவர், பட்டு வேட்டி தடுக்க ஓடி வந்து கையெடுத்துக் கும்பிட்டார். “தப்பு எதுவா இருந்தாலும் மன்னிச்சுடுப்பா, சாப்புடு.”

“ஐயோ, தப்பெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இன்னும் எட்டு நிமிசம் கீது.”

விஷயம் இதுதான். மதியம் பன்னெண்டு மணிக்கு ஒரு தடவை மருந்து கொப்பளி, அதுக்கப்புறம் அரைமணி நேரம் பச்சைத் தண்ணி கூட பல்லுல படக் கூடாதுன்னு அவருக்குச் சொன்னவன் நான். கம்பெனியில பதினொன்றரைக்கே சாப்பாட்டு நேரம், அதுக்குத் தோதாச் சொன்னது. கல்யாணத்தன்னிக்கும் பன்னெண்டு மணின்னா பன்னெண்டு மணிதான். சட்டைப் பையில பாட்டிலோட வந்து, மண்டபத்துக் கொல்லைக் குழாயில கொப்பளிச்சுட்டு வந்து இலையில உக்காந்திருக்கார். பந்தி எழுந்து போயிடுச்சு. பன்னெண்டரைக்குத் தனியா உக்காந்து ஆறிப் போன சோத்தைச் சாப்பிட்டார். நான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். ரொம்ப நாள் இதை எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சேன்.

அவர் பொண்டாட்டி இன்னொண்ணு சொல்லும். கல்யாணமான புதுசுல மாமியார், “செருப்பை வெளியே உட்டுட்டு உள்ள வாப்பா”ன்னு சொல்லிச்சாம். அன்னியிலேர்ந்து எங்க போனாலும் செருப்பு வாசல்லதான். ரேஷன் கடை, போஸ்டாபீஸ், சலூன், எங்க கிளினிக், எல்லாத்துக்கும் வெளியே. “ரெண்டு ஜோடி செருப்பு காணாப் போச்சி சார். இந்த ஆளாண்ட வாயைத் தொறக்கறதுக்கே பயமா கீது”ன்னு அந்தப் பொண்ணு தலையில அடிச்சுக்கும். அடிச்சுக்கிட்டே சிரிக்கும். அவர்மேல அதுக்கு உசுரு.

அவர் முதல்ல எங்க கிளினிக்குக்கு வந்ததும் மாமியார் சொன்ன ஒரு வார்த்தையாலதான். உள்ள வந்தவர் மேஜைகிட்ட வரல. கதவோரமாவே நின்னார். முகத்தை ஒரு பக்கமாத் திருப்பி, கர்சீப்பை வாயில வெச்சுக்கிட்டுப் பேசினார். எனக்குப் பாதி காதுல விழல.

“கிட்ட வாப்பா, கடிச்சுட மாட்டேன்”னேன்.

“வாணாம் சார். வாய் நாறுது.”

பொண்ணு பொறந்து நாலு மாசமாம். ஆஸ்பத்திரியில குழந்தையை முதல் தடவை கையில வாங்கி முத்தம் குடுக்கக் குனிஞ்சப்ப மாமியார் சொல்லியிருக்கு: “புள்ள மூஞ்சிகிட்ட வாயைக் கொண்டாராதப்பா, நாத்தம் தாங்கல.” கிழவி ஏதோ அந்த நேரத்துக்குச் சொன்னது. இவர் நாலு மாசமா குழந்தைகிட்ட முகத்தைக் கொண்டு போகவே இல்ல. தூக்கினா கையை நீட்டி, சாமி சிலையை ஏந்தற மாதிரி தள்ளித்தான் பிடிப்பாராம்.

“ஒரு தபா முத்தம் குடுக்கணும் சார். அதுக்கு இன்னா பண்ணணுமோ சொல்லுங்க, பண்றேன்.”

அன்னிக்கு புதன்கிழமை, டாக்டரம்மா இருந்தாங்க. நாற்காலியில உக்கார வெச்சு, பல்லுல ஒரு சிவப்புச் சாயத்தைத் தடவி, கண்ணாடியைக் கையில குடுத்தாங்க. வாய் பூரா வெத்தலை போட்ட மாதிரி சிவந்து கிடந்துச்சு.

“சாயம் எங்கெல்லாம் ஒட்டியிருக்கோ அங்கெல்லாம் அழுக்கு. சோறு வடிச்ச பானையைக் கழுவாம வெச்சா கொழகொழன்னு படியுதில்ல? அந்த மாதிரி பல்லு மேல படியுது. பிளேக்னு பேரு. அதுல கிருமி குடித்தனம் நடத்துது, அதுதான் நாத்தம். விட்டா கல்லா இறுகிக் காரையாயிடும். காரையை நான் சுரண்டி எடுத்துடறேன். மறுபடி படியாம இருக்க ஒரு தண்ணி தரேன், கொப்பளிங்க. ஆனா பல்லு விளக்கறதை விட்டுடக் கூடாது. தண்ணி அதுக்குத் துணைதான்.”

அந்தத் தண்ணியைக் கலக்கறது நான். ரெண்டு ஜாடியில ரெண்டு வெள்ளை உப்பு, ரெண்டும் ஜிங்க் உப்பு. தராசுல நிறுத்து, தண்ணியில கரைச்சு, மஞ்சள் சாயம் ரெண்டு சொட்டு விட்டு, பாட்டில்ல ஊத்திச் சீட்டு ஒட்டுவேன். ஒரு மூடி மருந்து, அரை டம்ளர் தண்ணி. வாயில வெச்சா கடுக்காயைக் கடிச்ச மாதிரி துவர்க்கும். முகத்தைச் சுளிச்சுக்கிட்டு, கசக்குது, குமட்டுதுன்னு ஒரே வாரத்துல பாட்டிலைத் தூக்கிப் போட்டவங்கதான் அதிகம்.

இவர் தூக்கிப் போடல. முப்பது எண்ணற வரைக்கும் வாயில வெச்சிருக்கணும்னு சொன்னேன். முப்பது எண்ணுவார். வாய்க்குள்ள மருந்து, விரல் மடக்கி மடக்கி எண்ணிக்கை. காலையில, மதியம், ராத்திரி. ரெண்டு மாசம் கழிச்சு டாக்டரம்மா மறுபடி சாயம் தடவிப் பாத்தாங்க. கீழ்ப்பல்லு உள்பக்கம் ஒரு நூல் அளவுக்குத்தான் சிவப்பு. மத்ததெல்லாம் வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. ஈறு ரத்தம் கசியறது நின்னுடுச்சு. நாத்தம் சுத்தமா இல்ல.

“பாத்தீங்களா, மருந்தை ஒழுங்காப் போட்டா என்ன ஆகுதுன்னு?” டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. நான் கலக்கின மருந்து. எனக்குத் தலைகால் புரியல.

முதல் நாள் சீட்டைப் பத்தி இங்கயே சொல்லிடறேன். பேர், வயசு, விலாசம், தொழில்னு நாலு கோடு இருக்கும். என்ன தொழில்னு கேட்டப்ப அவர் விலாவாரியாச் சொன்னார். கம்பெனியில ரெண்டு தொட்டி. முதல் தொட்டியில ஆசிட், துருப்பிடிச்ச போல்ட்டை அதுல முக்கினா புகை கிளம்பும், துரு போயிடும். ரெண்டாவது தொட்டியில ஜிங்க், அதுல முலாம் ஏறும். அவர் வேலை ரெண்டுக்கும் நடுவுல. புகை மூக்குல ஏறினா இருமல் வரும்னு மூக்குக்கும் வாய்க்கும் சேத்துத் துண்டைக் கட்டிக்குவாங்களாம். எல்லாத்தையும் காதுல வாங்கிக்கிட்டு நான் சீட்டுல எழுதினது: தொழில், கம்பெனி.

கொஞ்ச நாள்ல டாக்டரம்மா பிரசவத்துக்குப் போனாங்க. குழந்தைக்கு உடம்பு சரியில்லாம போய், ஒன்றரை வருஷம் வரவே இல்ல. மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை வேற ஒரு டாக்டர் வந்து பல்லைப் பிடுங்கிட்டுப் போவார். மத்தபடி கிளினிக் நான்தான். ஜனங்க என்னையே டாக்டர்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. வேணாம்னு நான் சொல்லல. சொல்லுவேனா? வெள்ளைக் கோட்டு ஒண்ணு தெச்சுக்கிட்டேன். சொல்லவே வெக்கமா இருக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வந்தார், பொண்டாட்டி, குழந்தையோட. முத்தம் குடுத்து மாசக் கணக்காயிடுச்சு, அதை என்கிட்ட காட்டணும்னு வந்திருக்கார். என் முன்னாலயே குழந்தை கன்னத்துல மூக்கு நசுங்கற மாதிரி ஒரு முத்தம். அது கீச்சுன்னு சிரிச்சுது. அவர் கண்ணுல தண்ணி.

“தெய்வம் மாதிரி அண்ணாத்தே நீங்க.”

வெளியே அஞ்சாறு பேர் மருந்துக்கு உக்காந்திருந்தாங்க. எல்லாரும் என்னையே பாத்தாங்க. நான் குளிர்ந்து போயிட்டேன். அப்பதான் அவர் கேட்டார்.

“இதுல இன்னா மருந்து கீது அண்ணாத்தே? சும்மா தெரிஞ்சிக்கலாம்னு.”

“ஜிங்க்பா. உங்க கம்பெனி தொட்டியில இருக்கே, அதே ஜிங்க்.”

“மெய்யாலுமா?”

“பின்ன? நாங்க பாட்டில்ல போட்டுக் குடுக்கறோம், உனக்கு உங்க முதலாளி காத்துலயே குடுக்கறாரு. தினம் எட்டு மணி நேரம் மருந்து ஆவியிலயே நிக்கறே. குடுத்து வெச்சவன்யா நீ!”

எல்லாரும் சிரிச்சாங்க. அவர் பொண்டாட்டி கூட முந்தானையை வாயில வெச்சுக்கிட்டுச் சிரிச்சுது. அவர் மட்டும் சிரிக்கல. தலையை மேலயும் கீழயும் ரெண்டு தடவை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். முப்பது எண்ணுன்னு சொன்னப்பவும் அப்படித்தான் ஆட்டினார். தெரிஞ்சும் எனக்கு உறைக்கல. அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு பாட்டில் வாங்க வந்தவர் சந்தோஷமாச் சொன்னார்: “துண்டை அவுத்துட்டேன் அண்ணாத்தே. மூக்குல மட்டும் பஞ்சு வெச்சிக்கறேன். வாயைத் தொறந்து வெச்சிகினுதான் நிக்கறேன்.”

நான் அப்ப தராசுல உப்பு நிறுத்துக்கிட்டு இருந்தேன். நிமிந்து கூட பாக்கல. “நல்லது, நல்லது”ன்னேன்.

நல்லதாம். யார் கேட்டாலும் அதையே சொல்லிப் பழகின வாய்.

அந்த மழைக்காலத்துலேர்ந்து அவர் டீயை ஊதி ஊதிக் குடிக்க ஆரம்பிச்சார். கிளினிக் எதிர்ல ஒரு டீக்கடை. மருந்து வாங்க வரும்போதெல்லாம் எனக்கும் சேத்துச் சொல்லுவார். சூடா ஒரு வாய் குடிச்சதும் முகம் கோணும். கேட்டா, “கூசுது அண்ணாத்தே, ஒண்ணுமில்ல”ம்பார். அப்புறம் கொய்யாப்பழத்தைக் கடிக்கறதில்ல, பிச்சுப் பிச்சுக் கடவாப் பல்லுக்குத் தள்ளுவார். முன்பல்லு நுனி கண்ணாடி மாதிரி வெளிச்சம் ஊடுருவற அளவுக்கு மெலிஞ்சு போச்சு. நான் அதைப் பாத்தேன். பாக்கலன்னு சொல்ல மாட்டேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்தேன். காரை இல்ல, அழுக்கு இல்ல, ஈறு ரோஜா நிறத்துல இருக்கு, நாத்தம் கிடையாது. எனக்குத் தெரிஞ்சது அந்த நாலுதான். அந்த நாலும் சரியா இருந்துச்சு.

“கூச்சம்தானே? மூணு தடவைக்கு அஞ்சு தடவையா கொப்பளி”ன்னேன். தலையை ரெண்டு தடவை ஆட்டிட்டுப் போனார்.

பொங்கல் கழிச்சு வந்தப்ப மேல் முன்பல்லு ஒண்ணுல பாதியைக் காணோம். கடலை மிட்டாய் கடிச்சாராம். அதுக்கும் நான் கடலை மிட்டாயைத்தான் திட்டினேன்.

டாக்டரம்மா திரும்பி வந்த முதல் புதன்கிழமை நானேதான் அவரை வரச் சொன்னேன். பாருங்கம்மா, ரெண்டு வருஷமா ஒரு பொட்டு அழுக்கில்லாம வெச்சிருக்கேன்னு காட்டறதுக்கு. அந்தக் கூத்தை என்னன்னு சொல்ல!

டாக்டரம்மா அவர் மேல் உதட்டைத் தூக்கிப் பாத்தாங்க. கீழ் உதட்டை இழுத்துப் பாத்தாங்க.

“முன்பல்லு மட்டும் கரைஞ்சிருக்கு. உதடு மூடாத இடத்துல மட்டும். பின்பல்லு அத்தனையும் கல்லு மாதிரி இருக்கு. எங்க வேலை செய்யறீங்க?”

அவர் சொன்னார். ரெண்டு தொட்டி, ஆசிட்டு, ஜிங்க்கு. எனக்குச் சொன்ன அதே மாதிரி, ஒரு வார்த்தை மாறாம.

டாக்டரம்மா பழைய சீட்டை எடுத்தாங்க. தொழில், கம்பெனி. என்னைப் பாத்தாங்க.

“என்ன கம்பெனின்னு கேக்கலயா நீங்க?”

நான் சீட்டுல இருந்த என் கையெழுத்தையே பாத்தேன்.

அவங்க அவர்கிட்டத் திரும்பிப் பொறுமையாச் சொன்னாங்க. ஆசிட் புகை பல்லுல பட்டா பல்லு கரையும். சுண்ணாம்புல எலுமிச்சம்பழம் பிழிஞ்சா பொங்குதில்ல, அந்த மாதிரி. தண்ணியில இருக்கற ஜிங்க் நல்லதுதான், அது அதோட வேலையை ஒழுங்காத்தான் செஞ்சிருக்கு. ஆனா தொட்டியிலேர்ந்து வர்றது மருந்து இல்ல. மருந்து அழுக்கைத்தான் தடுக்கும், ஆசிட்டைத் தடுக்காது. சொல்லி முடிச்சுட்டுக் கேட்டாங்க: “துணி கட்டிக்க மாட்டீங்களா அங்கெல்லாம்?”

“கட்டிகினுதான் இருந்தேம்மா. அப்பால அவுத்துட்டேன்.”

“யார் அவுக்கச் சொன்னது?”

வேலை போச்சுன்னு நினைச்சேன். ஆமாங்க, அந்த நேரத்துல என் வேலையைப் பத்திதான் நினைச்சேன். அவர் என்னை ஒரு தடவை பாத்தார். கோபமே இல்லாத பார்வை.

“யாரும் சொல்லலம்மா. நானாத்தான்.”

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒண்ணுதான்.

“பல்லு நிக்குமா டாக்டரம்மா?”

“முன்னாடி எட்டும் நிக்காது. பின்னாடி காப்பாத்தலாம். அந்தத் தொட்டிகிட்ட மறுபடி போகக் கூடாது.”

அவர் தன் பல்லை நாக்கால தடவிப் பாத்துக்கிட்டார். “பாப்பா தெனமும் என் வாயில கை உட்டு எண்ணுவா டாக்டரம்மா. ஒண்ணு, ரெண்டுன்னு இதுலதான் கத்துக்கினா. எட்டு வரைக்கும் வருது அவளுக்கு.”

டாக்டரம்மா அந்தப் பக்கம் திரும்பிக் கையைக் கழுவினாங்க. இனிமே ஆசிட் வேலை குடுக்கக் கூடாதுன்னு கம்பெனிக்கு ஒரு கடுதாசி எழுதி அவர் கையில குடுத்தாங்க.

வெளியே வந்தார். நானும் பின்னாலயே வந்தேன். என்னை நாலு அறை அறைஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். வாசல்ல செருப்பைப் போடாம நின்னுக்கிட்டு, ரொம்ப நாளைக்கப்புறம் கையை வாய்க்கு முன்னால வெச்சுக்கிட்டுப் பேசினார்.

“அண்ணாத்தே, அஞ்சு பேராண்ட சொல்ட்டேன்.”

“என்னத்தைச் சொன்னே?”

“தொட்டி ஆவி பல்லுக்கு நல்லதுன்னு. கம்பவுண்டரே சொன்னாருன்னு. என் வாயைக் காட்டித்தான் சொன்னேன். நாத்தம் போனதை அவங்களே பாத்தாங்கல்ல, நம்பிட்டாங்க. அஞ்சு பேரும் துண்டை அவுத்துட்டாங்க.”

உள்ள டாக்டரம்மாவுக்குக் கேட்டுடக் கூடாதேன்னு கதவைச் சாத்தினேன்.

“இப்ப நான் போயி கட்டிக்கோங்கன்னா கேப்பாங்களா? அன்னிக்கு அப்டி சொன்னே, இன்னிக்கு இப்டி சொல்றியேம்பாங்க. நீங்க ஒரு தபா வந்து சொல்லிடுங்க அண்ணாத்தே. நீங்க சொன்னா கேப்பாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஷிப்ட் உடும். நான் கம்பெனி கேட்டாண்ட நிக்கறேன்.”

“வரேன். நாளைக்கே வரேன்”னேன்.

தலையை ரெண்டு தடவை ஆட்டினார்.

அடுத்த நாள் நான் போகல. வேலை இருந்துச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதுக்கு அடுத்த நாளும் போகல. திருமுல்லைவாயில்லேர்ந்து அம்பத்தூர் எத்தனை தூரம்? எலக்ட்ரிக் டிரெயின்ல ஒரே ஸ்டேஷன். அந்த ஒரு ஸ்டேஷனுக்கு என்னால போக முடியல. போனா அஞ்சு பேர் முன்னால நின்னு, நான் சொன்னது தமாஷு, எனக்கு ஒரு இழவும் தெரியாதுன்னு சொல்லணும். அது முதலாளி காதுக்குப் போகும், அங்கேர்ந்து டாக்டரம்மா காதுக்கு வரும். தெய்வம்னு ஒருத்தன் சொன்னான், டாக்டர்னு நாலு பேர் சொன்னாங்க, அத்தனையும் போயிடும். இவ்வளவுதாங்க காரணம். வேற பெரிய காரணம் ஒண்ணும் கிடையாது.

பல்லெடுக்க வரச் சொல்லியிருந்த சனிக்கிழமை அவர் வரல. வேற எங்கயோ எடுத்துக்கிட்டிருப்பார்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஆளையே காணோம்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. இதையும் சொல்லித்தான் ஆகணும்.

ஒரு மாசம் போயிருக்கும். டாக்டரம்மா இல்லாத ஒரு திங்கக்கிழமை, நாப்பது வயசு மதிக்கத்தக்க ஒரு ஆள் வந்தார். அழுக்கு பேண்ட், சட்டையெல்லாம் சின்னச் சின்னதா ஓட்டை, ஆசிட் தெறிச்ச ஓட்டை. நான் கேக்காமலே வாயைத் திறந்து காட்டினார். முன்பல்லு நுனி மெலிஞ்சு, வெளிச்சம் தெரிஞ்சுது.

“பல்லு கூசுது சார். இங்க ஜிங்க் தண்ணி குடுப்பாங்களாமே, அது ஒரு பாட்டில் வேணும்.”

“அது கூச்சத்துக்கு இல்லப்பா. நீ தொட்டி வேலையா? முதல்ல வாயில துணியைக் கட்டு. புதன்கிழமை டாக்டரம்மாகிட்ட வந்து காட்டு.”

அந்த ஆள் சிரிச்சார். “நீங்களும் அதையே சொல்றீங்க. எங்க கம்பெனியில இருந்த ஒருத்தரும் இதான் சார் சொல்லிகினு கீறாரு. டாக்டர் கடுதாசியைக் கொண்டாந்து மேனேஜராண்ட குடுத்தாரு. வேற வேலை கெடையாது, இஸ்டம்னா இரு, இல்லாட்டி போன்னு அன்னிக்கே அனுப்பிட்டாங்க. முன்னாடி பல்லு அத்தினியும் எடுத்துட்டாரு, பாவம். பேசறது கூட பாதிதான் புரியுது. அந்த வாயோட தெனம் சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கேட்டாண்ட வந்து நிக்கறாரு.”

“நின்னுக்கிட்டு?”

“துணியைக் கட்டிக்கோங்க, துணியைக் கட்டிக்கோங்கன்னு கெஞ்சறாரு. எங்களுக்குச் சிரிப்புதான் வருது. ஆவி நல்லதுன்னு சொன்னதும் இவருதான், கெட்டதுன்னு சொல்றதும் இவருதான். துணி கட்டிகினா புழுக்கம் வேற. எதை நம்பறது? கேட்டா, கம்பவுண்டர் வராரு, வந்து அவரே சொல்லுவாரு, வரேன்னு வாக்கு குடுத்துட்டாருன்றாரு. மழையில கூட நிக்கறாரு சார். வாட்ச்மேன் தொரத்திப் பாத்துட்டான், போ மாட்டேன்றாரு. சரி, அந்தக் கம்பவுண்டர் வந்து சொல்ட்டா கட்டிக்கறோம்னு நாங்களும் சொல்ட்டோம்.”

நான் தராசைத் துடைச்சேன். சுத்தமா இருந்த தராசைத்தான் துடைச்சேன்.

“நீங்கதானா சார் அந்தக் கம்பவுண்டர்?”

மேஜைக்கு அந்தப் பக்கம் அவர் நிக்கறார், இந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டோட நான். ஆமான்னு ஒரு வார்த்தை. அதை அங்கயே சொல்லியிருந்தா கூட அஞ்சு பேர் துணியைக் கட்டியிருப்பாங்க.

“இல்லப்பா”ன்னேன். “அவர் வேலையை விட்டுப் போயிட்டார். இனிமே வர மாட்டார்.”

அந்த ஆள் போறதுக்குத் திரும்பினார்.

“அப்டியா? சரி சார். சாயங்காலம் கேட்டாண்ட அவரைப் பாத்து சொல்ட்றேன், இனிமே அங்க வந்து நிக்க வாணாம்னு.”